ஒரே எஞ்சினுக்கு 14 ஃபைல் எதுக்கு?

ஒரு சண்டையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

போன செமஸ்டர் ஸ்டடி ஹாலிடேஸ். ஹாஸ்டல் ரூமில் ரெண்டு லேப்டாப். ரெண்டிலும் ஓப்பன் ரெயில்ஸ் சிமுலேட்டர். ஒரே ரூட், ஒரே 24 பெட்டி, ஒரே வகை எஞ்சின். மழை செட் பண்ணியாச்சு. ஏற்றத்தில் நிற்கிற ரயிலைக் கிளப்பணும், அதுதான் பந்தயம். என் வண்டி மெதுவா நகர்ந்து கிளம்பிடுச்சு. ரூம்மேட் வண்டி சக்கரம் மட்டும் சுத்திக்கிட்டே அதே இடத்துல நின்னுச்சு. "நீ ஏதோ சீட்டிங் பண்ற"ன்னு அவன் சொல்ல, "உனக்கு ஓட்டத் தெரியல"ன்னு நான் சொல்ல, ராத்திரி ஒரு மணி வரைக்கும் போச்சு.

கடைசியில் ரெண்டு பேர் எஞ்சின் ஃபைலையும் நோட்பேடில் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தோம். அவன் ஃபைலில் எடை 112.8 டன். என்னுதில் 123 டன். உண்மையில் நானும் சீட்டிங் பண்ணல. ரெண்டு மாசம் முன்னாடி எடை தப்பா இருக்கிறதைக் கவனிச்சு என் காப்பியில் மட்டும் திருத்தியிருந்தேன், அவன்கிட்ட சொல்ல மறந்துட்டேன். அந்த 112.8 பழைய டபிள்யூ.டி.எம்-2 டீசல் எஞ்சினோட எடை. யாரோ டீசல் ஃபைலைக் காப்பி பண்ணி, மின்சார எஞ்சினா மாத்தும்போது அந்த ஒரு வரியை விட்டுட்டாங்க. எங்க கிட்ட இருந்த அதே வகை எஞ்சின்கள், வேற வேற நம்பர், வேற வேற பெயிண்ட், மொத்தம் 14 ஃபோல்டர். பதினாலிலும் அதே தப்பு.

இதைத் திருத்த 14 ஃபைலைத் திறக்கணும். அடுத்த தப்பைக் கண்டுபிடிச்சா மறுபடி 14. இந்தக் கட்டுரை அந்த எண்ணை எப்படி ஒன்றாக்குவது என்பதைப் பற்றியது. ரயில் பிடிக்காதவங்களும் படிக்கலாம். சாஃப்ட்வேரில் 'கான்ஃபிகரேஷன்' என்று எதையாவது தொட்டவங்க எல்லாருக்கும் இந்த வலி பழக்கம்தான்.

எஞ்சின் ஃபைல் என்றால் என்ன?

கொஞ்சம் வரலாறு. மைக்ரோசாஃப்ட் ட்ரெயின் சிமுலேட்டர் 2001-ல் வந்தது. அதில் ஒவ்வொரு எஞ்சினும் ஒரு ஃபோல்டர். உள்ளே முப்பரிமாண உருவம், படங்கள், சத்தங்கள், எல்லாத்துக்கும் மேல 'இஎன்ஜி' என்று முடியும் ஒரு டெக்ஸ்ட் ஃபைல். எடை எவ்வளவு, இழுவிசை எவ்வளவு, குதிரைத்திறன் எவ்வளவு, த்ராட்டிலில் எத்தனை நாட்ச், பிரேக் எப்படிப் பிடிக்கும், எந்த ஹார்ன் சத்தம், எல்லாம் அந்த ஒரே ஃபைலில். அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறி, அதற்குள் இன்னொரு அடைப்புக்குறி என்று போகும். லிஸ்ப் படிச்சவங்களுக்குப் பழைய நண்பரைப் பார்த்த மாதிரி இருக்கும்.

அந்தக் காலத்துக்கு இது பெரிய விஷயம். கம்பெனி தந்த எஞ்சினோடு நிற்காமல், யார் வேணும்னாலும் ஒரு டெக்ஸ்ட் எடிட்டர் வச்சு தன் ஊர் எஞ்சினைச் செய்யலாம். உலகம் முழுக்க ஆர்வலர்கள் செஞ்சாங்க, நம்ம இந்திய ரயில்வே எஞ்சின்களும் அப்படித்தான் வந்தது. ஆனா மைக்ரோசாஃப்ட் பக்கம் கதை நின்னு போச்சு. அடுத்த பதிப்பு வந்துகொண்டிருந்தபோதே, 2009 ஜனவரியில் அதைச் செய்துகொண்டிருந்த ஏசஸ் ஸ்டூடியோவை மூடிட்டாங்க. பிறகு ஆர்வலர்களே சேர்ந்து சி-ஷார்ப்பில் புதுசா எழுதியதுதான் ஓப்பன் ரெயில்ஸ். திறந்த மூலம், ஜிபிஎல் உரிமம். பழைய எஞ்சின், பழைய ரூட் எல்லாத்தையும் அப்படியே படிக்கும் என்பதுதான் அதன் வாக்குறுதி.

சிக்கலும் அங்கேதான். பழைய ஃபைலை மாத்தாம படிக்கணும், ஆனா பழைய ஃபைலில் இல்லாத பௌதிகத்தையும் காட்டணும். பல எஞ்சின்களைச் செஞ்சவங்க இப்ப எங்க இருக்காங்கன்னே தெரியாது, கேட்டு மாத்த முடியாது. சிலர் கூட வைத்த ரீட்மீ ஃபைலில் "இதை மாத்தி மறுபடி பகிராதீர்கள்" என்று தெளிவா எழுதியிருப்பாங்க. அப்போ என்ன செய்வது?

வேப்-7ம் வேக்-9ம்: ஒரு கணக்கு

பதிலுக்கு முன்னாடி, எஞ்சின்களுக்கு இடையில் உண்மையில் என்ன வித்தியாசம் என்று பார்த்துடலாம். இது தெரியாம ஃபைல் அமைப்பைப் பேசினா காத்துல வீடு கட்டுற மாதிரி ஆயிடும்.

டபிள்யூ.ஏ.பி-7, நம்ம பசங்க வாயில் 'வேப்-7'. அகலப்பாதை, ஏசி மின்சாரம், பயணிகள் ரயில், ஏழாவது மாடல் என்பதுதான் பேரின் அர்த்தம். சென்னை சென்ட்ரலில் அரை மணி நேரம் நின்னா ஒன்றையாவது பார்த்துடுவீங்க. டபிள்யூ.ஏ.ஜி-9, அதாவது 'வேக்-9', சரக்கு ரயில் இழுக்கிற அண்ணன். 1990-களில் ஏபிபி தொழில்நுட்பத்தோடு வந்தது. வேப்-7 அதிலிருந்து பிறந்தது. ரெண்டிலும் ஆறு அச்சு, ஆறு மூன்று-பேஸ் இண்டக்ஷன் மோட்டார். ரெண்டும் 123 டன். பெரிய வித்தியாசம் பல்சக்கர விகிதம். வேக்-9ல் 77:15, வேப்-7ல் 72:20.

இப்ப கால்குலேட்டரை எடுங்க. 77-ஐ 15-ஆல் வகுத்தா 5.133. 72-ஐ 20-ஆல் வகுத்தா 3.6. ஒன்றுக்கொன்று 1.426 மடங்கு. இப்ப இழுவிசையைப் பாருங்க. வேக்-9க்கு 458 கிலோநியூட்டன், வேப்-7க்கு 322.6. விகிதம் 1.42. வேகத்தைப் பாருங்க. வேக்-9க்கு மணிக்கு 100 கிலோமீட்டர், அதை 1.426-ஆல் பெருக்கினா 142.6. வேப்-7ன் உச்சவேகம் 140.

முதல் தடவை இந்தக் கணக்கைப் போட்டப்போ நான் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். மெக்கானிக்கல் பசங்களுக்கு இது முதல் வருஷப் பாடம், சிரிப்பீங்க. ஆனா ஃபைலில் பார்க்கும்போது இழுவிசை ஒரு தனி எண், உச்சவேகம் இன்னொரு தனி எண். ரெண்டும் ஒரே பல்சக்கரத்திலிருந்து வருகிறது என்ற உறவு ஃபைலில் எங்கேயும் இல்லை. ஒன்றை மாத்திட்டு மற்றதை மறந்தா, ஃபைல் ஒண்ணும் சொல்லாது. 140-ல் ஓடுற, 458 கிலோநியூட்டன் இழுக்கிற, இந்த உலகத்தில் இல்லாத ஒரு எஞ்சின் தயார்.

இன்னொரு உறவு: திறன் என்பது விசை பெருக்கல் வேகம். வேப்-7 சுமார் 6,350 குதிரைத்திறன், அதாவது ஏறக்குறைய 4,735 கிலோவாட். இதை 322.6 கிலோநியூட்டனால் வகுத்தா நொடிக்கு 14.7 மீட்டர், மணிக்கு சுமார் 53 கிலோமீட்டர். காகிதக் கணக்குப்படி அதுவரை முழு விசை, அதற்கு மேல் வேகம் கூடக் கூட விசை குறையும். 140-ல் சுமார் 122 கிலோநியூட்டன்தான் மிஞ்சும். நிஜ எஞ்சினின் வளைவு இவ்வளவு நேர்த்தியா இருக்காது. மோட்டாரின் வரம்பு, கன்ட்ரோல் எலக்ட்ரானிக்ஸின் வரம்பு எல்லாம் அங்கங்க குறுக்கே வரும்.

அதனால்தான் ஓப்பன் ரெயில்ஸில் இழுவிசைக்கு ஒரு அட்டவணையே கொடுக்கலாம். த்ராட்டில் இந்த அளவில் இருக்கும்போது, இந்த வேகத்தில் இவ்வளவு விசை என்று புள்ளி புள்ளியா. பழைய முறையில் உச்ச விசை, உச்சத் திறன் என்று ரெண்டு எண், நடுவில் நடப்பதை சிமுலேட்டரே ஊகிக்கும். புது முறையில் ஊகம் உங்க கையில். டீசலுக்கும் இப்படியே. எட்டு நாட்ச் உள்ள நம்ம ஆல்கோ டீசலில், எந்த நாட்ச்சில் எத்தனை சுற்று, எந்தச் சுற்றில் எவ்வளவு திறன், எவ்வளவு எண்ணெய் என்று தனித்தனி அட்டவணை தரலாம்.

ஓடும்போது வரும் தடைக்கும் அப்படி ஒரு மாற்றம் உண்டு. பழைய ஃபைலில் உராய்வு என்ற தலைப்பில் பத்து எண்கள் இருக்கும். பார்த்தவுடன் அர்த்தம் புரிந்தவர் யாராவது இருந்தா நம்ம மின்னிதழ் அவரைப் பேட்டி எடுக்கத் தயார். ஓப்பன் ரெயில்ஸில் அதற்குப் பதில் டேவிஸ் சமன்பாட்டின் மூன்று கெழுக்களைத் தரலாம். ஒரு மாறிலி, வேகத்தோடு கூடுவது ஒன்று, வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவது ஒன்று. கடைசியது காற்றுத் தடை. மூன்றுக்கும் பௌதிக அர்த்தம் இருக்கு, தப்பா போட்டா கண்ணுக்குத் தெரியும்.

வழுக்கியது ஏன்?

எங்க சண்டைக்கு வருவோம். சக்கரம் தண்டவாளத்தைப் பிடித்துக்கொள்ளும் அளவை ஒட்டுமைக் கெழு என்று சொல்வாங்க. எஞ்சின் இழுக்கிற விசையை எஞ்சினின் எடையால் வகுத்தா, எவ்வளவு ஒட்டுமை தேவை என்று வரும். 123 டன் என்பது சுமார் 1,207 கிலோநியூட்டன் எடை. 322.6-ஐ அதனால் வகுத்தா 0.267. எடை 112.8 டன் என்றால் அதே விசைக்கு 0.29 வேண்டும்.

கிடைப்பது எவ்வளவு? ஓப்பன் ரெயில்ஸ் இதற்குக் கர்டியஸ்-நிஃப்ளர் வாய்ப்பாட்டைப் பயன்படுத்துகிறது. 44-உடன் வேகத்தைக் கூட்டி, 7.5-ஐ அதனால் வகுத்து, 0.161-ஐச் சேர்க்கணும். நிற்கிற வண்டிக்கு 0.331 வரும், மணிக்கு 100 கிலோமீட்டரில் 0.213. இது காய்ந்த தண்டவாளத்துக்கு. மழையில் இறங்கும். அது 0.28 பக்கம் இறங்கிச்சுன்னு வைங்க, 123 டன் வண்டி கிளம்பும், 112.8 டன் வண்டி வழுக்கும். பத்து டன் தப்பு ஒரு நட்பையே உலுக்கிய கதை இவ்வளவுதான்.

இதே கணக்கை வேக்-9க்குப் போட்டுப் பாருங்க. 458-ஐ 1,207-ஆல் வகுத்தா 0.38. காய்ந்த தண்டவாளத்துக்கே வாய்ப்பாடு தருவது 0.331-தான்! அப்போ சிமுலேட்டரில் முழு த்ராட்டில் போட்டா வெயிலிலேயே வழுக்கும். நிஜத்தில் அந்த எஞ்சின் எப்படி இழுக்குது? மணல் தூவும், சக்கரம் வழுக்க ஆரம்பிச்ச உடனே கன்ட்ரோல் எலக்ட்ரானிக்ஸ் விசையைக் குறைச்சுப் பிடிக்கும். அதுக்கும் மேல, அதன் கனமான வகையான வேக்-9எச்-ல் கூடுதல் எடை ஏத்தி 135 டன்னாகவே ஆக்கிட்டாங்க. 135 டன் என்றால் அதே 458 கிலோநியூட்டனுக்கு 0.346 போதும். ஆக, எல்லா எஞ்சினுக்கும் ஒரே ஒட்டுமை வாய்ப்பாடு என்று புரோகிராமுக்குள் எழுதிப் பூட்டிட்டா, நவீன எஞ்சின் எதையும் சரியா காட்ட முடியாது. ஓப்பன் ரெயில்ஸ் அந்த வாய்ப்பாட்டின் எண்களையே எஞ்சின் ஃபைலில் தர விடுகிறது. புரோகிராமர் நினைச்சே பார்க்காத எஞ்சினுக்கும் இடம் விடுவது இப்படித்தான்.

ஒன்றைத் தொட்டால் பதினாலும் திருந்த

இப்ப அந்த 14 ஃபைல். ஓப்பன் ரெயில்ஸில் இதற்கு ஒரு எளிமையான வழி இருக்கு, இத்தனை நாள் தெரியாம இருந்ததுக்கு வெட்கமா இருக்கு.

எஞ்சினின் ஃபோல்டருக்குள் 'ஓப்பன்ரெயில்ஸ்' என்ற பெயரில் ஒரு துணை ஃபோல்டர் போடுங்க. அதற்குள் அதே பெயரில் இன்னொரு இஎன்ஜி ஃபைல் வைங்க. ஓப்பன் ரெயில்ஸ் முதலில் அதைத்தான் எடுக்கும். பழைய மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டர் அந்தத் துணை ஃபோல்டரைத் திரும்பிக்கூடப் பார்க்காது, அதனால் அதுவும் பழையபடி ஓடும். புது ஃபைலின் ஆரம்பத்தில் 'இன்க்ளூட்' என்ற கட்டளையால் பழைய ஃபைலை அப்படியே உள்ளே கொண்டு வரலாம். சி மொழியில் ஹெட்டர் ஃபைலைக் கூப்பிடுகிற அதே சங்கதி. அதற்குக் கீழே நீங்க மாத்த நினைக்கிற வரிகளை மட்டும் எழுதணும். பின்னால் வருவது முன்னால் வந்ததை மேவும். எங்க விஷயத்தில் எழுத வேண்டியது எடை என்ற ஒரு வரி.

இதில் ரெண்டு லாபம். ஒன்று, நீங்க பகிர்வது உங்க சின்ன ஃபைலை மட்டும். மூல எஞ்சினைச் செஞ்சவரின் ஃபைலைத் தொடவே இல்லை, மாத்திப் பகிராதீங்க என்ற அவர் வேண்டுகோளையும் மீறவில்லை. உண்மையைச் சொல்லிடறேன். இதுக்கு முன்னாடி நாங்க மாத்தின ஃபோல்டரை முழுசா பென்டிரைவில் ஜூனியர்களுக்குக் கொடுத்துக்கிட்டு இருந்தோம். ரீட்மீயை யாரும் படிச்சதில்லை. படிச்சப்பதான் தப்பு புரிஞ்சது.

ரெண்டாவது லாபம் பெரியது. இன்க்ளூட் செய்யப்படும் ஃபைல் பழைய எஞ்சின் ஃபைலாத்தான் இருக்கணும்னு இல்லை. பொதுவான ஒரு ஃபைலை நீங்களே எழுதி, பதினாலும் அதையே கூப்பிட வைக்கலாம். எங்க இப்போதைய அமைப்பு மூன்று அடுக்கு. அடியில் மூன்று-பேஸ் குடும்பத்துக்கே பொதுவானது: கேபின் கன்ட்ரோல்கள், பான்டோகிராஃப், பிரேக், ஓட்டுநர் விழிப்பாக இருக்கிறாரா என்று பார்க்கும் சாதனத்தின் 60 நொடி வரம்பு. நடுவில் வகுப்புக்கு உரியது: வேப்-7ன் இழுவிசை அட்டவணை, உச்சவேகம், எடை. மேலே தனி எஞ்சினுக்கு உரியது: நம்பர், பெயிண்ட், ஹார்ன். மேல் அடுக்கு ஃபைல்கள் ஒவ்வொன்றும் பத்து வரியைத் தாண்டாது. ஆப்ஜெக்ட் ஓரியண்டட் புரோகிராமிங் வகுப்பில் 'இன்ஹெரிட்டன்ஸ்'க்கு நாயும் பூனையும் உதாரணம் சொல்லுவாங்களே, அதுக்குப் பதிலா வேக்-9ம் வேப்-7ம் சொல்லியிருந்தா எனக்கு ஒரு கிரேடு கூடுதலா வந்திருக்கும்.

எல்லாம் இனிப்பு இல்லை. அடுக்கி வைக்கும்போது ஒரு பழைய கேள்வி வரும். மேவும்போது எவ்வளவு தூரம் மேவணும்? ஒரு எண்ணை மேவுவது சுலபம், 112.8 போய் 123 வந்துடும். ஆனா த்ராட்டில் மாதிரி உள்ளே பல வரிகள் கொண்ட ஒரு தொகுதியை மேவினா, உள்ளே ஒரு வரியை மட்டும் மாத்துவதா, தொகுதி முழுக்கப் போய் புதுசு வருவதா? உங்க புராஜெக்டில் ஜேசன் ஃபைல்களை ஒன்றன் மேல் ஒன்றா அடுக்கினீங்கன்னா இதே கேள்விதான். பட்டியல்களுக்கு இன்னும் மோசம். அட்டவணையின் மூன்றாவது புள்ளியை மட்டும் மாத்தணும்னா மூன்றாவது என்பதற்கு என்ன அர்த்தம்? அடியில் யாராவது ஒரு புள்ளி சேர்த்துட்டா உங்க மூன்றாவது வேற ஆளாயிடும். என் கருத்து: தொகுதியா இருந்தா முழுசா எழுதுங்க. நாலு வரி அதிகமா எழுதுவது, நாலு மணி நேரம் தேடுவதை விட மேல்.

அலகும் அடைப்புக்குறியும்

ஒரு எச்சரிக்கை, இதில் மாட்டாதவங்க கிடையாது. எஞ்சின் ஃபைலில் எண்ணோடு அலகையும் ஒட்டி எழுதலாம்: டன், கிலோநியூட்டன், கிலோவாட். எழுதாம விட்டா ஒவ்வொரு பாராமீட்டருக்கும் ஒரு இயல்பு அலகு இருக்கும், சிமுலேட்டர் அதை எடுத்துக்கும். எடைக்கு அது கிலோகிராம். 123 என்று மட்டும் எழுதினீங்கன்னா உங்க எஞ்சின் 123 கிலோ. ஒரு பைக் எடை. முழு த்ராட்டில் போட்டா என்ன ஆகும்னு ஒரு தடவை வேணும்னே செஞ்சு பாருங்க, நல்ல பொழுதுபோக்கு. டன்னிலும் மெட்ரிக், பிரிட்டன், அமெரிக்கா என்று மூன்று வகை இருக்கு, மூன்றும் வேற வேற. நீங்க சொந்தமா சிமுலேட்டர் எழுதினா அலகு இல்லாத எண்ணை ஏத்துக்கவே ஏத்துக்காதீங்க. பழைய ஃபைல்களைக் கட்டிக் காக்கும் பொறுப்பு ஓப்பன் ரெயில்ஸுக்கு இருக்கு, உங்களுக்கு இல்லை.

அடைப்புக்குறி இன்னொரு எமன். ஒன்றை மூட மறந்தா அதற்குப் பின்னால் வருவதெல்லாம் அந்தத் தொகுதிக்குள் போய்விடும். தெரியாத பெயரைப் படிப்பான் சத்தமில்லாம தாண்டிப் போயிடும், ஏன்னா பழைய ஃபைல்களில் எழுத்துப்பிழைகள் ஏராளம், ஒவ்வொன்றுக்கும் நின்னா எந்த எஞ்சினும் ஓடாது. இதே தாராளம்தான் புதுப் பாராமீட்டர்களைச் சேர்க்கவும் வழிவிட்டது. ஆனா விலை உண்டு. நீங்க ஒரு எழுத்தைத் தப்பா அடிச்சா, மாற்றம் வேலை செய்யவில்லை என்பது மட்டும்தான் தெரியும், ஏன் என்று தெரியாது. அதனால் டெஸ்க்டாப்பில் வந்து உட்காரும் அந்த லாக் ஃபைலை ஒவ்வொரு தடவையும் திறந்து பாருங்க. ரூமில் ரெண்டு நாள் மண்டையை உடைச்ச ஒரு பிரச்சினைக்கு அதில் ஏழாவது வரியில் பதில் இருந்தது.

எண்ணால் முடியாதபோது

சில விஷயங்களை எந்த எண்ணாலும் அட்டவணையாலும் சொல்ல முடியாது. 25 கிலோவோல்ட் மின்பாதையில் அங்கங்கே மின்சாரம் இல்லாத நடுநிலைப் பகுதி வரும். அதற்கு முன் ஓட்டுநர் எஞ்சினின் சர்க்யூட் பிரேக்கரைத் திறந்து, தாண்டிய பின் மறுபடி மூடணும். பழைய சிமுலேட்டரில் பான்டோகிராஃப் ஏத்த இறக்க ஒரு கீ, அவ்வளவுதான். தனி பிரேக்கர் என்ற எண்ணமே அதில் இல்லை. ஓப்பன் ரெயில்ஸில் பிரேக்கர் தானாக மூடணுமா, ஓட்டுநர் கையால் மூடணுமா என்று எஞ்சின் ஃபைலில் தேர்ந்தெடுக்கலாம். ரெண்டும் பிடிக்கலையா, நீங்களே ஒரு சி-ஷார்ப் ஸ்கிரிப்ட் எழுதி அதன் பெயரைக் கொடுக்கலாம். ரயில் பாதுகாப்பு அமைப்புக்கும் பிரேக் கன்ட்ரோலருக்கும் இதே வசதி. ஸ்கிரிப்ட் விளையாட்டு தொடங்கும்போதே கம்பைல் ஆகும், சிமுலேட்டரைப் புதுசா பில்ட் பண்ண வேண்டாம். ஒவ்வொரு நாட்டின் சிக்னல் பாதுகாப்பு முறையையும் நாலைந்து டெவலப்பர்கள் உட்கார்ந்து எழுத முடியாது. அந்தந்த நாட்டுக்காரங்க எழுதிக்கட்டும் என்று கதவைத் திறந்து வைப்பதுதான் வழி.

இங்க எனக்கு ஒரு தயக்கமும் உண்டு. ஸ்கிரிப்ட் என்றால் முகம் தெரியாத ஒருத்தரின் புரோகிராம் உங்க லேப்டாப்பில் ஓடுகிறது. எஞ்சின் இறக்கினோம்னு நினைப்போம், கூடவே கோடும் இறங்கியிருக்கும். ஸ்கிரிப்ட் ஃபோல்டர் இருந்தா ஒரு தடவை திறந்து படிங்க. சி-ஷார்ப் தெரியலைன்னாலும் ஃபைலை அழிக்கிற வரி எப்படி இருக்கும்னு ஓரளவு புரியும். இன்னொன்று, அட்டவணையில் முடிகிற வேலையை ஸ்கிரிப்டில் செய்யாதீங்க. அட்டவணையை உங்க மெக்கானிக்கல் நண்பன் படிச்சுத் திருத்துவான். ஸ்கிரிப்டை நீங்க மட்டும்தான் திருத்துவீங்க, அதுவும் ஆறு மாசம் கழிச்சு உங்களுக்கே மறந்துடும்.

ஃபைனல் இயரில் இப்படி ஒரு சிமுலேட்டர் எழுத நினைக்கிறவங்க என்னைக் கேட்டா ஒன்று மட்டும் சொல்வேன். இழுவிசையை எண்ணா சேமிக்காம, மோட்டாரையும் பல்சக்கர விகிதத்தையும் சக்கர விட்டத்தையும் சேமிங்க, இழுவிசையும் வேகமும் கணக்கில் வரட்டும். வேக்-9 ஃபைலில் ஒரு விகிதத்தை மாத்தினா வேப்-7 பிறக்கணும். ஆனா அதோட நிறுத்தாதீங்க. கணக்குக்கும் அளந்த மதிப்புக்கும் எப்பவும் கொஞ்சம் இடைவெளி இருக்கும், 1.426-க்கும் 1.42-க்கும் இருந்த மாதிரி. அளந்த எண் கையில் இருக்கிறவர் கணக்கை மேவ ஒரு இடம் வைங்க. மேவினதும் கணக்குக்கும் அந்த எண்ணுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தா லாக்கில் ஒரு எச்சரிக்கை போடுங்க. எங்க 112.8 டன்னை அப்படி ஒரு வரி முதல் நாளே காட்டிக் கொடுத்திருக்கும்.

எங்க பதினாலில் பதிமூன்று இப்ப அந்த மூன்று அடுக்கு அமைப்புக்குள் வந்தாச்சு. ஒன்று மட்டும் பாக்கி. அது ரூம்மேட்டோட செல்ல எஞ்சின். த்ராட்டில் தொகுதியில் அவனே ஏதேதோ எழுதி வச்சிருக்கான், எதை எடுத்து எதை விடுவதுன்னு அவனுக்கே தெரியல. அதனால் அது இன்னும் 112.8 டன்தான். வெயில் அடிக்கிற ரூட்டில் மட்டும் ஓட்டிக்கிறான்.